எக்ஸ்பி ஓடுது, பிரின்டர் மட்டும் மக்கர் பண்ணுதா? பழைய சிஸ்டத்துக்கு ஒரு துபாஷி பிடிங்க!

புதுச்சேரி லாஸ்பேட்டை பக்கம் போயிருக்கீங்களா? தாகூர் கலைக் கல்லூரி, மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக், மகளிர் பாலிடெக்னிக் என்று கல்லூரிகள் நிறைந்த ஏரியா. கல்லூரி இருக்கும் இடத்தில் டீக்கடை இருக்குதோ இல்லையோ, ஜெராக்ஸ் கடை கண்டிப்பா இருக்கும். ஜெராக்ஸ் கடை இருந்தால் 'டி.டி.பி. செய்து தரப்படும்' என்ற போர்டும் இருக்கும்.

இந்த மாதிரிக் கடைகளில், அது லாஸ்பேட்டையோ கடலூரோ சிவகாசியோ, ஒரு மூலையில் பழுப்பேறிய சிபியூ ஒன்றைப் பார்க்கலாம். அதில் விண்டோஸ் எக்ஸ்பி. அதற்குள் பேஜ்மேக்கர். அதற்குள் இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள், காதுகுத்து அழைப்பிதழ்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள். பக்கத்து மளிகைக் கடையிலோ மெடிக்கலிலோ போனால் கறுப்புத் திரையில் ஓடும் டாஸ் பில்லிங் புரோகிராம். 'கர்ர்ர் கர்ர்ர்' என்று பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்.

அந்த சிபியூ ஒருநாள் ஆன் ஆகவில்லை என்றால்? ஸ்பேர் பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டம். புது லேப்டாப்பில் அந்த சாஃப்ட்வேர் ஏறாது. கடையின் பாதி வேலை அந்த ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். அதுவும் முகூர்த்த சீஸன் நடுவில் நடந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கடை உங்க அப்பாவுடையதா இருக்கலாம், மாமாவுடையதா இருக்கலாம். 'நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற, கொஞ்சம் பாரேன்' என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நீங்களும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, புது லேப்டாப்புக்குள் எக்ஸ்பியை ஓடவிட்டு, பேஜ்மேக்கரையும் திறந்து காட்டிவிடுவீர்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். அப்புறம் ஒருத்தர் கேட்பார், ''சரிப்பா, பிரின்ட் எப்படி எடுக்கறது?''

கதை அங்கதான் நிக்கும். அதைத் தாண்டிப் போவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்

முதலில் பேஸிக். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் வேலைக்கு எமுலேஷன் என்று பெயர். டாஸ்பாக்ஸ் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டராக நடிக்கும். கியூஇஎம்யூ வேறு வகை பிராசஸராகவே நடிக்கும். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் போன்றவை கொஞ்சம் வேறு. அவை நிஜ பிராசஸரையே பங்கு போட்டுக்கொண்டு, மற்ற உறுப்புகளை மட்டும் நடித்துக் காட்டும். அதனால் வேகம் அதிகம். நமக்கு இப்போதைக்கு இரண்டும் ஒன்றுதான். லேப்டாப்பில் நிஜமாக ஓடுவதை 'வெளி சிஸ்டம்' என்போம். அதற்குள் நடிப்பில் ஓடுவதை 'உள் சிஸ்டம்' என்போம்.

உள் சிஸ்டத்துக்கு ஸ்கிரீன், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் பொய்யாகவே தரப்பட்டிருக்கும். அது நிஜம் என்று நம்பி வேலை செய்யும். ஆனால் பொய் பிரின்டர் பெரும்பாலும் தரப்பட்டிருக்காது. உள்ளே போய் 'பிரின்டர்ஸ்' பக்கத்தைத் திறந்தால் காலியாக இருக்கும். மேஜை மேல் நிஜ பிரின்டர் இருந்தும் அதற்குத் தெரியாது.

டிரைவர் என்பவர் ஒரு துபாஷி

ஆனந்தரங்கப் பிள்ளை பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 18-ம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு புகழ்பெற்றது. துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். ஆளுநருக்குத் தமிழ் தெரியாது, இங்கிருந்த வியாபாரிகளுக்கு பிரெஞ்சு தெரியாது. நடுவில் துபாஷி இல்லாவிட்டால் ஒரு மூட்டைத் துணிகூட கப்பல் ஏறாது.

பிரின்டர் டிரைவரும் அதே வேலைதான் பார்க்கிறது. 'இந்தப் பக்கத்தை அச்சடி' என்று சாஃப்ட்வேர் சொல்வதை, அந்தக் குறிப்பிட்ட பிரின்டருக்குப் புரிகிற மொழியில் மாற்றிச் சொல்லும் துபாஷி.

சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு பிரின்டருக்கும் மொழி வேறு. பழைய டாட் மேட்ரிக்ஸ்களுக்கு எப்சன் உருவாக்கிய கட்டளை மொழி. ஆபீஸ் லேசர்களுக்கு ஹெச்பியின் பிசிஎல் அல்லது அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட். நம்ம ஊர்க் கடைகளில் நிறைய பார்க்கிற கேனான் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 மாதிரி விலை குறைந்த லேசர்கள் இன்னும் ஒரு படி வேறு. அவற்றுக்குப் பொது மொழி எதுவும் தெரியாது. பக்கத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து தரும் வேலை முழுக்கக் கம்ப்யூட்டருடையது. பிரின்டர் அதை வாங்கித் தாளில் ஒட்டும், அவ்ளோதான். 1020-க்கு இன்னொரு விசேஷம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், தன் மூளையான ஃபர்ம்வேரையே அது கம்ப்யூட்டரிடமிருந்துதான் வாங்கிக்கொள்ளும்.

ஆக, இந்த பிரின்டர்களுக்கு அதற்கென்றே இருக்கும் துபாஷி வேண்டும். அந்தத் துபாஷி எல்லா சிஸ்டத்திலும் வேலைக்கு வரமாட்டார். 2024-ல் வந்த பிரின்டருக்கு எக்ஸ்பி டிரைவரைத் தேடினால் கிடைக்காது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதியே டாட்டா சொல்லிவிட்டது.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உள் சிஸ்டத்துக்குள் புது பிரின்டரின் டிரைவரை ஏற்ற நாள் கணக்கில் போராடுவார்கள். தேவையே இல்லை. மனதில் வைக்க வேண்டிய ஒரே விதி இதுதான்:

உள் சிஸ்டத்துக்கு உங்கள் பிரின்டரை அறிமுகப்படுத்தாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொது மொழியில் அதைப் பேச வையுங்கள். பிரின்டரிடம் பேசும் வேலையை வெளி சிஸ்டத்திடம் விடுங்கள்.

அந்தப் பொது மொழி மூன்றில் ஒன்றாக இருக்கும்: போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப், வெறும் டெக்ஸ்ட். இனி வழிகளைப் பார்ப்போம்.

வழி 1: ஃபைலாக அச்சடி, வெளியே எடு

பேஜ்மேக்கர் கடைகளுக்கு இதுதான் பெஸ்ட். காரணம் இருக்கு. ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரின்டர், அதற்குள் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர், இந்த மூன்றும் 1985-ல் ஒன்று சேர்ந்ததில்தான் டி.டி.பி. என்ற தொழிலே பிறந்தது. பிறகு 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-தான் கடைசி வெர்ஷன். அதாவது பேஜ்மேக்கருக்குத் தாய்மொழி மாதிரியே போஸ்ட்ஸ்கிரிப்ட். அதை அந்த மொழியிலேயே பேசவிடுவோம்.

செய்ய வேண்டியது:

1. விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பிக்கு 'கெஸ்ட் அடிஷன்ஸ்' ஏற்றி, வெளி சிஸ்டத்தின் ஒரு ஃபோல்டரை 'ஷேர்டு ஃபோல்டர்' ஆகக் கொடுங்கள். இரண்டு சிஸ்டத்துக்கும் நடுவில் இது ஒரு ஜன்னல்.

2. எக்ஸ்பிக்குள் 'ஆட் பிரின்டர்' போய், லோக்கல் பிரின்டர் என்று தேர்ந்தெடுங்கள். போர்ட் கேட்கும் இடத்தில் எல்பிடி1 வேண்டாம், 'ஃபைல்' என்பதைக் கொடுங்கள்.

3. மாடல் கேட்கும்போது, எக்ஸ்பியிலேயே இருக்கும் ஆப்பிள் அல்லது ஹெச்பி கலர் லேசர் மாடல்களில், பெயர் 'பிஎஸ்' என்று முடிகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த பிரின்டர் உங்களிடம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். நமக்குத் தேவை அது பேசும் மொழி. கறுப்பு வெள்ளை மாடலைத் தேர்ந்தெடுத்தால் மஞ்சள் குங்குமப் பத்திரிகைகூட சாம்பல் நிறத்தில்தான் வரும், ஜாக்கிரதை.

4. இனி பேஜ்மேக்கரில் பிரின்ட் கொடுத்தால் ஃபைல் பெயர் கேட்கும். ஷேர்டு ஃபோல்டரில் சேமியுங்கள்.

5. வெளியே வந்து, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச சாஃப்ட்வேரால் அதை பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். லினக்ஸில் இது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் டவுன்லோடு செய்ய வேண்டும்.

பிடிஎஃப் கையில் வந்துவிட்டால் ஜெயித்த மாதிரிதான். புது பிரின்டர், பழைய பிரின்டர், பக்கத்துக் கடை பிரின்டர், எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்பலாம். சிவகாசிக்கு மெயில் பண்ணலாம். ஐந்து படி என்று பயப்பட வேண்டாம். முதல் மூன்றும் ஒரே ஒரு முறைதான்.

தமிழ் ஃபான்ட்: இங்கேதான் பலர் வழுக்கி விழுவார்கள்

பழைய டி.டி.பி. ஃபைல்கள் யூனிகோடில் இல்லை. பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் என்று ஆளுக்கொரு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் குறியேற்றங்களைத் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. 2010-ல் யூனிகோடுக்கு மாறியது. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கான பக்கங்கள் பழைய முறைகளில் அடிக்கப்பட்டுவிட்டன.

இந்த ஃபான்ட்கள் செய்த டெக்னிக் சிம்பிள். ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை உட்கார வைத்துவிட்டார்கள். ஃபான்ட் இருந்தால் 'அம்மா'. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அதே ஃபைல், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த உளறல்.

அதனால் ஃபைலோடு ஃபான்ட்டும் சேர்ந்து பயணிக்க வேண்டும். எக்ஸ்பியில் அந்த பிஎஸ் பிரின்டரின் 'அட்வான்ஸ்டு' செட்டிங்கில், ட்ரூடைப் ஃபான்ட் என்ற இடத்தைப் பாருங்கள். 'பிரின்டரில் உள்ள ஃபான்ட்டைப் பயன்படுத்து' என்ற பொருளில் இருந்தால் மாற்றி, 'சாஃப்ட்ஃபான்ட்டாக டவுன்லோடு செய்' என்று வையுங்கள். பிடிஎஃப் வந்ததும் அதன் 'புராப்பர்டீஸ்' பகுதியில் ஃபான்ட்ஸ் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு ஃபான்ட்டும் உள்ளே பதிந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். மாமியார் பேர் மாறி அச்சான பத்திரிகைக்குப் பதில் சொல்வதைவிட இது சுலபம்!

இதில் இன்னொரு நுணுக்கம். சில தமிழ் சாஃப்ட்வேர்கள் 'ஹார்டுவேர் லாக்' என்ற சின்ன டாங்கிளோடு வந்தன. அது செருகப்படாவிட்டால் திறக்காது. அது யூஎஸ்பி டாங்கிளாக இருந்தால், விர்ச்சுவல்பாக்ஸின் யூஎஸ்பி மெனுவில் அதை மட்டும் உள் சிஸ்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

வழி 2: நெட்வொர்க் வழியே பேச விடு

தினமும் ஐம்பது பிரின்ட் எடுக்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஃபைல் பெயர் கொடுப்பது போர். அங்கே நெட்வொர்க் வழி சரி.

உங்களிடம் வைஃபை அல்லது லேன் வசதியுள்ள, போஸ்ட்ஸ்கிரிப்ட்டோ பிசிஎல்லோ தெரிந்த ஆபீஸ் பிரின்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். உள் சிஸ்டத்தில் 'ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்' உருவாக்கி, பிரின்டரின் ஐபி முகவரியைக் கொடுங்கள். வழக்கமான போர்ட் எண் 9100. பழைய சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பொதுவான பிஎஸ் அல்லது பிசிஎல் டிரைவர் போதும்.

பிரின்டர் யூஎஸ்பி மட்டும், வெளி சிஸ்டம் லினக்ஸ் என்றால் கப்ஸ் இருக்கிறது. லினக்ஸ், மேக் இரண்டிலும் பிரின்ட் வேலையை நடத்தும் சாஃப்ட்வேர் இது. 2007-ல் ஆப்பிள் இதை வாங்கியது. கப்ஸில் உங்கள் பிரின்டரை 'ஷேர்' செய்துவிட்டு, உள் சிஸ்டத்தில் இன்டர்நெட் பிரின்டராகச் சேர்க்கலாம். விர்ச்சுவல்பாக்ஸின் 'நேட்' முறையில் வெளி சிஸ்டத்தின் முகவரி வழக்கமாக 10.0.2.2. கப்ஸின் போர்ட் எண் 631. இங்கேயும் டிரைவர் கேட்கும்போது அதே பொது போஸ்ட்ஸ்கிரிப்ட் மாடல்தான். உள்ளிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் வரும், கப்ஸ் அதை உங்கள் பிரின்டரின் மொழிக்கு மாற்றும். நம்ம துபாஷி!

வெளி சிஸ்டம் விண்டோஸ் 10 அல்லது 11, உள்ளே எக்ஸ்பி என்றால் ஒரு எச்சரிக்கை. பிரின்டரை ஷேர் செய்தாலும் எக்ஸ்பி கண்ணுக்கு அது தெரியாது. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி முதல் வெர்ஷன் மட்டும். 2017 இறுதியிலிருந்து வந்த விண்டோஸ் 10-களில் அது வழக்கமாக இருப்பதில்லை. அதைத் திரும்ப ஆன் பண்ணச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம் ப்ரோ. 2017 மே மாதம் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்தக் கதவு வழியாகத்தான். இந்தக் கூட்டணிக்கு வழி 1-தான் பாதுகாப்பு.

வழி 3: யூஎஸ்பியை அப்படியே உள்ளே கொடு

விர்ச்சுவல்பாக்ஸில் யூஎஸ்பி மெனுவில் பிரின்டர் பெயரைத் தொட்டால், அது வெளி சிஸ்டத்திலிருந்து கழன்று உள் சிஸ்டத்தில் செருகப்பட்ட மாதிரி ஆகிவிடும். உள் சிஸ்டத்தில் அந்த பிரின்டருக்கான டிரைவர் இருந்தால் வேலை முடிந்தது.

எல்லோரும் முதலில் முயற்சி செய்வது இதைத்தான். ஆனால் இது உதவுவது ஒரு குறிப்பிட்ட சூழலில். உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ், வீட்டில் பழைய கேனான் 2900. லினக்ஸில் அந்த டிரைவர் ஏறாமல் அடம்பிடிக்கிறது. அப்போது உள்ளே ஒரு விண்டோஸ் 10-ஐ ஓடவிட்டு, பிரின்டரை அதற்குக் கொடுங்கள். லினக்ஸில் எழுதி, பிடிஎஃப் ஆக்கி, ஷேர்டு ஃபோல்டரில் போட்டு, உள்ளிருக்கும் விண்டோஸில் பிரின்ட் கொடுங்கள். இங்கே துபாஷி உள் சிஸ்டம்தான்.

லினக்ஸில் யூஎஸ்பி மெனு காலியாகத் தெரிந்தால், உங்கள் யூசர் பெயர் 'விபாக்ஸ்யூசர்ஸ்' என்ற குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்த பிறகு லாக் அவுட் செய்து உள்ளே வர வேண்டும். 1020 மாதிரி ஃபர்ம்வேர் கேட்கும் பிரின்டர் என்றால், விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்கில் யூஎஸ்பி ஃபில்டராக அதைச் சேர்த்துவிட்டு, முதலில் உள் சிஸ்டத்தை ஆன் செய்து, பிறகு பிரின்டரை ஆன் செய்யுங்கள். உள் சிஸ்டம் பிரின்டரைப் பிடித்திருக்கும்வரை வெளி சிஸ்டத்தால் அதைத் தொட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

டாஸ் பில்லிங்கும் டாட் மேட்ரிக்ஸும்

இப்போ மளிகைக் கடைக்கு வருவோம். ஃபாக்ஸ்புரோ காலத்தில் எழுதிய பில்லிங் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும். ஆகவே எமுலேட்டர் கட்டாயம்.

டாஸ்பாக்ஸ் ஞாபகம் வரும். ஆனால் அது கேம்ஸுக்காக உருவானது. அதன் ஒரிஜினல் பதிப்பில் பிரின்ட் வசதி கிடையாது. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸில் உண்டு. விடாஸ் என்ற புரோகிராம் இன்னும் பொருத்தம். ஆபீஸ் வேலைக்கான டாஸ் சாஃப்ட்வேர்களை விண்டோஸில் ஓட்டி, விண்டோஸ் பிரின்டரில் அச்சடிக்கவே உருவானது அது.

ஏன் இத்தனை பாடு? டாஸ் புரோகிராமுக்கு டிரைவர் என்ற துபாஷியே கிடையாது. எல்பிடி1 என்ற போர்ட்டில் நேராக எழுத்துகளைக் கொட்டும். 'இங்கே போல்டு, இங்கே சின்ன எழுத்து' என்று நடுநடுவே எப்சன் பாஷைக் கட்டளைகளையும் சேர்க்கும். டிவிஎஸ், எப்சன் டாட் மேட்ரிக்ஸ்களுக்கு அது நேரடியாகப் புரியும். புது லேப்டாப்பில் எல்பிடி1 போர்ட்டே இல்லை. யூஎஸ்பி கேபிள் மாட்டினாலும் அது யூஎஸ்பி போர்ட்டாகத்தான் வரும், எல்பிடி1 ஆக வராது.

தீர்வு இரண்டு. எமுலேட்டரின் செட்டிங் ஃபைலில், எல்பிடி1-க்கு வருவதை விண்டோஸ் பிரின்டருக்குத் திருப்பிவிடுங்கள். 32 பிட் விண்டோஸை உள் சிஸ்டமாக வைத்து டாஸ் புரோகிராமை ஓட்டுகிறவர்கள், பிரின்டரை ஷேர் செய்து 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரை அதற்குச் சூட்டலாம். டாட் மேட்ரிக்ஸுக்கு டிரைவராக 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' வைத்தால், கொட்டுகிற எழுத்து அப்படியே போய்ச் சேரும். 80 எழுத்து வரி, அங்குலத்துக்கு 10 எழுத்து என்றால் 8 அங்குலம். 10-க்கு 12 தாளில் அழகாக உட்காரும்.

அதே டெக்ஸ்ட்டை நேராக கேனான் 2900-க்கு அனுப்பினால் ஒன்றும் வராது. அந்த பிரின்டருக்கு எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. விடாஸ் மாதிரி ஒன்று அதைப் பக்கமாக வரைந்து, விண்டோஸ் டிரைவர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். சின்ன போனஸ் தகவல்: 2010-ல் வந்த ரூபாய்க் குறி டாஸ் எழுத்துப் பட்டியலில் கிடையாது. பில்லில் 'ரூ' என்பதற்கான பழைய ஆங்கிலச் சுருக்கம்தான் வரும். அது தப்பு இல்லை.

மேக் வெச்சிருக்கேன், போன்தான் வெச்சிருக்கேன்!

2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததிலிருந்து, புது மேக்புக்குகளில் ஓடும் விண்டோஸ் 11, ஆர்ம் வகை. சாதாரண விண்டோஸ் சாஃப்ட்வேர்களை அது எமுலேட் செய்து ஓட்டிவிடும். ஆனால் டிரைவரை மட்டும் அப்படி ஓட்டாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். பழைய பிரின்டர்களுக்கு அது கிடைப்பது அரிது. இங்கேயும் அதே விதி. பாரலல்ஸ் என்றால் மேக்கின் பிரின்டர்களை உள்ளே பகிரும் செட்டிங் இருக்கிறது. யூடிஎம் என்றால் உள்ளே 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்து, பிடிஎஃப்-ஐ வெளியே எடுத்துவிடுங்கள். மேக்கில் போஸ்ட்ஸ்கிரிப்ட்டை நம்ப வேண்டாம். 2022-ல் வந்த வென்ச்சுராவிலிருந்து மேக்கின் பிரிவ்யூ அதைத் திறப்பதில்லை.

போனும் இந்தக் கதையில் உண்டு. பிடிஎஃப் ஆகிவிட்டால் கடைசிப் பயணத்துக்கு போனே போதும். ஆண்ட்ராய்டில் 2013 முதலே பிரின்ட் வசதி உள்ளேயே இருக்கிறது. வைஃபை பிரின்டர் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் டிரைவர் எதுவும் ஏற்றாமல் கண்டுபிடித்துவிடும். உலகமே அந்தத் திசையில்தான் போகிறது. நிறுவனங்களின் தனித்தனி டிரைவர்களைப் படிப்படியாகக் குறைத்துப் பொது முறைக்கு மாறப்போவதாக மைக்ரோசாஃப்ட்டும் 2023 செப்டம்பரில் அறிவித்தது.

பிரின்ட் கொடுப்பதற்கு முன் நாலு செக்

* தாள் அளவு: பழைய சிஸ்டங்களில் அமெரிக்க 'லெட்டர்' அளவே முதலில் இருக்கும். நமக்கு வேண்டியது ஏ4. உள் சிஸ்டம், வெளி சிஸ்டம் இரண்டிலும் ஏ4 வையுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் கீழ் வரி வெட்டுப்படும்.

* அளவு 100 சதவிகிதம்: 'ஃபிட் டு பேஜ்' போட்டால் பக்கம் லேசாகச் சுருங்கும். புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் பரவாயில்லை. பத்திரிகை, ஸ்டிக்கர், ஏற்கெனவே அச்சான பில் புத்தகத்துக்கு ஆகாது. 'ஆக்சுவல் சைஸ்' வையுங்கள்.

* நெட் வேண்டாம்: எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் கிடையாது. வழி 1 மட்டும் போதுமென்றால் உள் சிஸ்டத்தின் நெட்வொர்க்கை ஆஃப் செய்துவிடுங்கள். பிரின்ட் எடுக்க இன்டர்நெட் தேவையில்லை.

* ஒரிஜினல் லைசென்ஸ்: கடையில் இருந்த எக்ஸ்பி, பேஜ்மேக்கர் சிடிக்களையும் கீ நம்பர்களையும் தேடி எடுத்து வையுங்கள். கண்ட இடத்தில் டவுன்லோடு செய்த 'ரெடிமேட் எக்ஸ்பி'யில் வைரஸ் இலவச இணைப்பாக வரலாம்.

முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாத்துங்க

இத்தனை வழியும் வேலை செய்ய ஒன்று இருக்க வேண்டும், அந்தப் பழைய சிபியூவில் உள்ள டேட்டா. பிரின்டரும் லேப்டாப்பும் காசு கொடுத்தால் கிடைக்கும். இருபது வருஷத்து பேஜ்மேக்கர் ஃபைல்களும், அதோடு சேர்ந்த ஃபான்ட்களும், கடன் கணக்கு எழுதிய ஃபாக்ஸ்புரோ டேபிள்களும் கிடைக்காது.

அதனால் பிரின்டர் வேலையைத் தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். தட்டையான அகலக் கேபிளில் வரும் ஐடிஇ டிஸ்க்குகளை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. முழு டிஸ்க்கையும் நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் தனியாகவும் காப்பி எடுங்கள். அந்தப் பழைய ஃபைல்களைப் படிக்க வைக்கும் சாவி அதுதான்.

அப்புறம் புது லேப்டாப்பில் எக்ஸ்பியை ஓடவிட்டு, வழி 1-ல் ஒரே ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். முழுப் பத்திரிகை வேண்டாம், க, ஞ, ஸ்ரீ, கொம்பு, கால் எல்லாம் வருகிற ஒரு பக்கம் போதும். தாளில் எழுத்து சரியாக விழுந்துவிட்டால், அந்த ஸ்டெப்களை ஒரு பேப்பரில் தமிழில் எழுதி லேப்டாப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு நீங்கள் வேலைக்காக சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவீர்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி கடையில் பிரின்ட் கொடுக்கப்போவது உங்க அப்பாதான்.